சாப்வா: இன்லே ஏரியின் செதிலற்ற பொடிமீன்

மியான்மாரின் இன்லே ஏரியில் பாசி அள்ளும் படகு குறுகலாக, நீளமாக இருக்கும். அதன் மேல் நின்றபடி ஒருவர் மூங்கில் கழியைத் தண்ணீருக்குள் விட்டுத் திருகுவார். அடியில் வளர்ந்து கிடக்கும் நீர்க்கொடிகள் கழியில் சுற்றிக்கொண்டு மேலே வரும். வர வர அவற்றைப் படகில் குவிப்பார். படகின் விளிம்பு நீர்மட்டத்தைத் தொடும் அளவுக்குப் பாரம் ஏறியதும் தன் தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக் கிளம்பிவிடுவார். அவருக்கு அந்தக் குவியல் உரம். விரல் நீளம்கூட வளராத ஒரு மீனுக்கு அது வீடு.

அந்த மீனையும் அந்த ஏரியையும் பற்றியது இந்த ஆய்வு. மீன் அருகிப்போவதற்கு வலைதான் காரணமாக இருக்கும் என்று நாம் முதலில் நினைப்போம். இன்லேயில் நடப்பது வேறு. யாரும் அந்த மீனைக் குறிவைக்கவில்லை, அதன் மேல் யாருக்கும் பகையும் இல்லை. ஆனாலும் அது வாழும் இடம் படகு படகாகக் கரையேறிக்கொண்டிருக்கிறது.

மீன்

அறிவியல் பெயர் சாப்வா ரெஸ்ப்ளெண்டென்ஸ். ஷான் மலைநாட்டை ஆண்ட குறுநில மன்னர்களுக்கு 'சாப்வா' என்று பட்டம். 'ரெஸ்ப்ளெண்டென்ஸ்' என்றால் ஒளிவீசுவது. மூன்று, நான்கு சென்டிமீட்டர் மீனுக்கு அரச பட்டம் கொடுத்தது பெரிய மரியாதைதான். ஆண் மீனைப் பார்த்தால் அதற்குக் காரணம் விளங்கும். உடல் முழுவதும் எஃகு நீலம். மூக்கு நுனி செக்கச்செவேல். வாலின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் அதே சிவப்பு தொட்டு வைத்ததுபோல் இருக்கும். பெண் மீனுக்கு இந்த அலங்காரம் எதுவும் கிடையாது. கண்ணாடிபோல் மங்கிய உடல், அவ்வளவுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் வேறு வேறு மீன்கள் என்றே நினைப்பார்.

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு 'ரம்மி நோஸ்' என்ற பெயர் தெரிந்திருக்கும். அது தென் அமெரிக்க மீன். சிவந்த மூக்கு, கூட்டமாகத் திரும்பும் பாங்கு. சாப்வாவுக்கும் மூக்கு சிவப்பு என்பதால் மீன் வணிகத்தில் இதை ஆசிய ரம்மி நோஸ் என்கிறார்கள். உறவு எதுவும் இல்லை. சாப்வா கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் கெண்டைக்கு இருக்க வேண்டிய செதில் இதற்கு இல்லை, உடல் வழுவழுப்பாக இருக்கும். சாப்வா என்ற பேரினத்தில் இந்த ஓர் இனம் மட்டுமே உண்டு. இது போனால் அந்தப் பேரினமே போய்விடும்.

கூட்டமாக நீந்துவது இதற்கு உயிர்ப் பிரச்சினை. தெளிந்த நீரில் சிறு மீனுக்கு மறைவிடம் இரண்டுதான்: ஒன்று நீர்க்கொடிகளின் இடுக்கு, இன்னொன்று தன்னைப் போன்ற நூறு மீன்களின் நடு. கொடிப் படுகையின் ஓரமாகக் கூட்டம் நகரும். விரால் வந்தால் கொடிக்குள் பாயும். முட்டையையும் அந்தக் கொடிகளுக்கு நடுவில்தான் தூவிவிட்டுப் போகும். காவல் காப்பது, கூடு கட்டுவது போன்ற பழக்கம் கிடையாது. ஆக ஒளிய, மேய, இனம் பெருக்க எல்லாவற்றுக்கும் கொடிப் படுகை ஒன்றையே நம்பியிருக்கும் மீன் இது.

அன்னண்டேல் பார்த்த ஏரி

இன்லே ஷான் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரத்தில், இரு மலைத்தொடர்களுக்கு நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். அவற்றிலிருந்து இறங்கும் ஓடைகள் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருவதால் ஏரி நீர் கடினமானது, காரத்தன்மை கொண்டது. ஆழம் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. கோடையில் சராசரியாக 2.1 மீட்டர், மிக ஆழமான இடத்திலேயே 3.7 மீட்டர். மழைக்காலத்தில் இன்னும் ஒன்றரை மீட்டர் ஏறும். இவ்வளவு ஆழமற்ற, தெளிந்த நீரில் வெயில் தரைவரை இறங்கும். அதனால்தான் அடித்தரை முழுவதும் கொடிகள் மண்டி வளர்ந்தன. ஏரி என்று சொன்னாலும், நீருக்கடியில் ஒரு புல்வெளி என்றுதான் அதை மனதில் கொள்ள வேண்டும்.

அந்தப் புல்வெளியை அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் நெல்சன் அன்னண்டேல். 1916இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். இன்லே மீன்களையும் மீன்பிடி முறைகளையும் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1918இல் இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் வெளியானது. சாப்வாவுக்குப் பெயர் வைத்ததும் அந்தக் கட்டுரைதான். இன்னும் பல சிறு மீன்களுக்கு அதே கட்டுரை பெயர் வைத்தது: ஆரஞ்சுச் சாயல் கொண்ட மைக்ரோரஸ்போரா ரூபெசென்ஸ், பச்சை வரிகள் கொண்ட எரித்ரோமைக்ரான், மண்புழுவைப் போல மெலிந்த சௌதூரியா. சௌதூரியா என்பது இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வங்காள மீனியல் அறிஞர் பி. எல். சௌதூரியின் பெயர். பாறையில் ஒட்டி மேயும் ஒரு ஷான் நாட்டு மீனுக்குச் சகப் பணியாளர் எஃப். எச். கிரேவ்லியின் பெயரை அன்னண்டேல் சூட்டினார். அந்தக் கிரேவ்லிதான் 1920இலிருந்து இருபது ஆண்டுகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். எழும்பூருக்கும் இன்லேவுக்கும் நடுவே ஒரு சிறு மீன் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

அந்தக் கட்டுரையைப் படிப்பவருக்கு மனதில் நிற்பது நீரின் தெளிவு. இன்லேயின் சிறு மீன்கள் இத்தனை நிறத்தோடு இருப்பதை அந்தத் தெளிவோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆணின் சிவப்பு மூக்கைப் பெண் பார்த்தால்தான் அந்தச் சிவப்புக்குப் பயன். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நீர் கலங்கியபோது அங்குள்ள சிக்லிட் மீன்கள் இணையின் நிறத்தை அடையாளம் காண முடியாமல் திணறின, நெருங்கிய இனங்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்லேயில் தெளிவு குறையும்போது அளக்கப்பட வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

தோட்டம் மிதந்து வளர்ந்த விதம்

ஏரியில் வாழும் மக்களுக்கு இந்தா என்று பெயர். 'ஏரியின் பிள்ளைகள்' என்று பொருள். நீருக்கு மேல் கால் ஊன்றிய வீடுகள், காலைத் துடுப்பில் சுற்றி நின்றபடி படகு வலிக்கும் முறை, கூம்பு வடிவ மூங்கில் பொறி எல்லாம் அவர்களுடையவை. அந்தப் பொறியைப் பார்த்தால் நம் ஊர்க் குளங்களில் மீன்பிடித் திருவிழா நாளில் இறக்கும் ஊத்தா நினைவுக்கு வரும். வேலை அதே வேலை, அளவு மட்டும் ஆளுயரம். நீரில் அழுத்தி அடித்தரையோடு சேர்த்து மீனை மடக்குவார்கள். அதில் சிக்குவது கையகல மீன்தான். சாப்வா அதன் வழியாகவே உள்ளே போய் வெளியே வந்துவிடும்.

அவர்களின் மிதக்கும் தோட்டம் உண்மையிலேயே வியக்கத்தக்க உழவு. ஏரி ஓரங்களில் நாணலும் புல்லும் வெங்காயத்தாமரையும் செத்து, பின்னி, மட்கி, காலப்போக்கில் மெத்தைபோல் திரளும். அந்த மெத்தையை நீளப் பட்டைகளாக அறுத்துப் படகில் கட்டி இழுத்துவந்து, மூங்கில் கழிகளை ஏரித் தரைவரை இறக்கி நிறுத்துவார்கள். மேலே ஏரிச் சேறும், அடியிலிருந்து அள்ளிய கொடியும் பரப்பினால் பாத்தி தயார். நீர் ஏறினால் பாத்தியும் ஏறும், இறங்கினால் இறங்கும். வெள்ளத்தில் பயிர் மூழ்குமே என்ற கவலை இல்லை, நீர் பாய்ச்ச வேண்டிய வேலையும் இல்லை. விளைவது பெரும்பாலும் தக்காளி. மியான்மாரின் நகரச் சந்தைகளுக்கு அது போகிறது.

கைக்கும் வாய்க்குமாகச் செய்தவரை ஏரி இதைத் தாங்கியது. 1960களுக்குப் பிறகு தோட்டங்கள் சந்தைக்காகப் பெருகத் தொடங்கின. 1935ஆம் ஆண்டிலிருந்து 2000 வரை ஏரியின் நிலையை வான்படங்கள், செயற்கைக்கோள் படங்கள் மூலம் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. 69.10 சதுர கிலோமீட்டராக இருந்த திறந்த நீர்ப்பரப்பு 46.69 ஆகச் சுருங்கியிருந்தது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த இழப்பில் சுமார் 93 சதவீதத்துக்கு மிதக்கும் தோட்டங்களே காரணம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

எல்லாரும் மேற்கோள் காட்டும் கணக்கு இது. மீனின் பக்கம் நின்று பார்த்தால் இதில் விடுபடுவது ஒன்று உண்டு. தோட்டம் மறைத்த பரப்பு மட்டுமே இதில் வருகிறது. தோட்டம் இல்லாத இடத்தில், மேலே திறந்த நீராகத் தெரியும் இடத்தில், அடியிலிருந்து கொடி அள்ளப்பட்டிருப்பதை வான்படம் காட்டாது. ஒரு பாத்தியை ஆண்டுக்கு ஆண்டு உயிரோடு வைத்திருக்க எத்தனை படகுக் கொடி வேண்டும் என்று எண்ணினால், மறைந்த பரப்பைவிட மொட்டையான பரப்பு சாப்வாவுக்கு அதிக இடைஞ்சல் தரும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாத்திக்குக் கீழே வெயில் போகாது, கொடி முளைக்காது. பாத்திகளுக்கு இடையில் படகு போகும் அளவுக்குத்தான் கால்வாய் விடுகிறார்கள். தக்காளிக்கு அடிக்கும் பூச்சிமருந்துக்கும் போடும் ரசாயன உரத்துக்கும் வரப்பு, வடிகால் எதுவும் கிடையாது. இலையில் தங்காத துளி நேரே ஏரிக்குள் விழும். வயலில் அடிக்கும் மருந்து ஆற்றுக்குப் போய்ச் சேர நாள் ஆகும், வழியில் மண் கொஞ்சம் பிடித்து வைக்கும். இங்கே பயிருக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு முழம் மட்குதான் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது இந்தா உழவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. நிலமே இல்லாத இடத்தில் நிலத்தை உண்டாக்கிப் பிழைத்த மக்கள் அவர்கள். ஏரி மாசுபட்டால் முதலில் பாதிக்கப்படுவது அவர்கள்தான், அவர்கள் குடிப்பதும் குளிப்பதும் அந்த நீரில்தான். தக்காளி விலை சரியும் ஆண்டில் கடனை ஈடுகட்ட இன்னும் நாலு பாத்தி போடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி காட்டப்படவில்லை.

மேலிருந்து மண், வெளியிலிருந்து மீன்

சுற்று மலைகளில் காடு குறைந்து, சரிவுகளில் உழவு ஏறியதும் மழைக்கு மழை வண்டல் இறங்கத் தொடங்கியது. இரண்டு மீட்டர் ஆழ ஏரியில் ஒவ்வொரு விரற்கடை வண்டலும் கணக்கில் வரும். ஓடை வாய்களில் மண் மேடிட்டு, அதன்மேல் நாணல் ஏறி, கரை உள்நோக்கி நகர்கிறது. கொடி இலைகளில் படியும் நுண்மண் வெயிலைத் தடுக்கும், ஒட்டியிருக்கும் முட்டைகளை மூச்சுத்திணற வைக்கும். 2010இல் வறட்சி கடுமையானபோது ஏரியின் பல பகுதிகளில் படகு தரைதட்டியது. அத்தகைய ஆண்டில் சிறு மீனுக்கும் கொக்குக்கும் நடுவில் எஞ்சுவது சாண் நீர்தான்.

இன்னொரு பக்கம் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட மீன்கள். நாம் ஜிலேபி என்று சொல்லும் திலாப்பியா இன்லேயில் ஊன்றிவிட்டது. அது எங்கே போனாலும் நடப்பதைத் தமிழ்நாட்டுக் குளங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: குழி தோண்டிக் கூடு கட்டும், தரையைக் கலக்கும், பொடிமீனின் இடத்தைப் பிடிக்கும். புல்கெண்டையும் ஏரியில் இருக்கிறது. அது நீர்க்கொடியையே தின்று வளர்வது. கொடியை உழவர் பாதி, புல்கெண்டை பாதி எடுத்தால் மிச்சம் யாருக்கு?

ஹோபோங்கில் நடந்தது

இதே ஷான் மலைநாட்டில், தௌன்ஜி நகருக்குக் கிழக்கே ஹோபோங் என்ற ஊர். 2006 ஆகஸ்டில் அங்கே ஊற்று நீர் தேங்கிய சிறு குட்டைகளில் ஒரு புது மீன் கிடைத்தது. இரண்டு சென்டிமீட்டர், கருநீல உடலில் முத்துப் புள்ளிகள், சிவந்த துடுப்புகள். படம் இணையத்தில் பரவிய சில வாரங்களிலேயே உலகம் முழுவதும் வண்ண மீன் வளர்ப்பவர்கள் அதைக் கேட்டார்கள். முழங்கால் ஆழம்கூட இல்லாத குட்டைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் அள்ளப்பட்டது. மீனியல் அறிஞர் டைசன் ராபர்ட்ஸ் 2007 பிப்ரவரியில் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, பெயர் வைக்கும் முன்பே மீன் முடிந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்திருந்தது. இன்று டேனியோ மார்கரிட்டேட்டஸ் என்று அறியப்படும் மீன் அது. இன்லேயின் எரித்ரோமைக்ரானுக்கு மிக நெருங்கிய உறவு.

பிறகு இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. வேறு சில இடங்களிலும் அந்த மீன் இருப்பது தெரியவந்தது. தொட்டியில் எளிதாக முட்டையிடும் என்பதும் தெரிந்தது. பண்ணைகளில் வளர்ந்த மீன் கிடைக்கத் தொடங்கியதும் குட்டைகளின் மேலிருந்த நெருக்கடி தணிந்தது.

இந்த இரண்டு மீன்களின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஹோபோங்கில் ஆபத்து வலை வடிவில் வந்ததால் எல்லார் கண்ணிலும் பட்டது, குரல் எழுந்தது. இன்லேயின் ஆபத்து பல பத்தாண்டுகளாக மெல்ல ஏறிவருகிறது. சாப்வாவையும் எரித்ரோமைக்ரானையும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் அபாயத்தில் உள்ளவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. அதற்காக உலகத்தில் எங்கும் பரபரப்பு எழவில்லை. சாப்வாவும் தொட்டியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருக்கிறது, ஆகவே பண்ணை வளர்ப்பு இயலாத காரியம் இல்லை. ஆனால் ஹோபோங் மீனுக்குப் பண்ணை தந்த விடுதலை சாப்வாவுக்குக் கிடைக்காது. அங்கே சிக்கல் மீனை எடுப்பது, இங்கே கொடியை எடுப்பது. தொட்டியில் பத்தாயிரம் சாப்வா வளர்த்தாலும் திருப்பி விட ஏரியில் கொடிப் படுகை இருக்க வேண்டும்.

பட்டங்கள்

இன்லே 1985இலிருந்து வனவிலங்குச் சரணாலயம். 2015இல் மியான்மாரின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக யுனெஸ்கோ அறிவித்தது. 2018இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவைகளுக்கு இவற்றால் பயன் இருக்கும். ஏரியின் கெண்டையான ங்கபெய்னுக்கும் குரல் கொடுக்க ஆள் உண்டு, ஏனென்றால் அது தட்டில் ஏறும் மீன். தின்னவும் ஆகாத, கரையிலிருந்து கண்ணுக்கும் தெரியாத பொடிமீனுக்கு எந்த அறிவிப்பிலும் தனி இடம் கிடைப்பதில்லை.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு சுற்றுலா வீழ்ந்தது, ஷான் மாநிலத்தின் தென்பகுதியிலும் அண்டைக் காயா மாநிலத்திலும் சண்டை மூண்டது. 2024 செப்டம்பரில் யாகி புயலின் மிச்சம் கொண்டுவந்த மழையில் ஏரியூர்கள் மூழ்கின. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் நீர் மேல் நின்ற வீடுகள் பல சரிந்தன. வீட்டை இழந்து நிற்பவரிடம் மீனைப் பற்றிப் பேச முடியாது, பேசவும் கூடாது. அங்கே எதைத் தொடங்கினாலும் அந்த மக்களின் வயிற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கே கை வைக்கலாம்

என் கணிப்பில் முதல் வேலை கொடி அள்ளுவதை முறைப்படுத்துவது. முழுத் தடை நடக்காது. ஏரியைத் துண்டுகளாகப் பிரித்து, ஓர் ஆண்டு அள்ளிய துண்டை அடுத்த ஆண்டுகளில் விட்டுவைக்கலாம். தெளிந்த ஓடை நீர் வந்து சேரும் வாய்களுக்கு அருகில் சில படுகைகளை எப்போதும் தொடாமல் வைக்கலாம். சாப்வாவுக்குப் பெரிய பரப்பு தேவையில்லை, அறுபடாத பரப்பு தேவை. எந்தப் படுகை எங்கே அடர்ந்திருக்கிறது என்பதைத் தினமும் கழி விட்டுத் திருகும் இந்தா உழவரைவிடத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அந்த வரைபடத்தை அவர்தான் வரைய வேண்டும், அதற்கான கூலியோடு.

உரத்துக்கு மாற்று ஏரியிலேயே மிதக்கிறது. வெங்காயத்தாமரை அங்கே வேண்டாத விருந்தாளி, கால்வாய்களை அடைத்துக் கிடக்கிறது. அதை மட்கவைத்துப் பாத்திக்கு இட்டால் ஒரே வேலையில் கால்வாயும் திறக்கும், அடிக்கொடியும் தப்பும். மட்க நாள் பிடிக்கும், குவித்து வைக்கக் கரையில் இடம் வேண்டும் என்பவை உண்மையான தடைகள். புதுக்கொடியை அள்ளிய கையோடு போடுவது எளிது என்பதால்தான் படகு இன்னும் நடு ஏரிக்குப் போகிறது. கரையோர ஊர்களில் அந்த இடத்துக்கு வாடகை கொடுத்து, மட்கிய உரத்தைப் படகில் ஏற்றித் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கித் தந்தால், மூங்கில் கழியை நீருக்குள் விட வேண்டிய நாட்கள் குறையும்.